ரீவிக்குப் பின்னாலை வந்த சாம்பிராணிப் புகை

…இல்லைப் பிள்ளை, அது பொய்க்கதை. ரீவி எரியேல்லை. ரீவிக்குப் பின்னாலை இருந்து புகை வந்தது உண்மை. அந்தப் புகை சாம்பிராணி மணத்தது உண்மை. பரமேஸ் இரண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கி ‘அரோகரா’ எண்டு கத்தினது அதைவிடப் பெரிய உண்மை. ஆனால் எரியேல்லை. உமக்கு ஆர் சொன்னது எரிஞ்சதெண்டு? ஹவுகன்ஸ்டுவாக் கடையிலை மரக்கறி வாங்கேக்கையோ? பாரும், இந்த ஒஸ்லோவிலை பனிக்காலத்திலை மனிசர் நடக்க ஏலாது, சறுக்கி விழுந்து கையைக் காலை முறிக்குதுகள். கதை மட்டும் ஒரு இடத்திலையும் சறுக்காமல் ஊர் முழுக்க நடந்திட்டு வந்திடும். நீர் பேர்கன் பட்டினத்து மழைக்கை இருந்து இப்பதானே இந்த வீதிக்குக் குடிவந்தனீர், வந்த கையோடை பிழையான கதையைக் கேட்டு வைச்சிருக்கக் கூடாது. இரும். தேத்தண்ணி ஆறுது, குடியும். நான் வெங்காயத்தை உரிச்சுக்கொண்டு துவக்கத்திலை இருந்து சொல்லுறன்.

இந்த நாட்டுச் சனத்தின்ரை ஒரு புதினம் எனக்கு இண்டைவரைக்கும் பிடிபடேல்லை. ஹோலுக்கை அடுப்புக் கட்டி வைச்சிருக்கினம், ஆனால் அதிலை ஒரு தேத்தண்ணியும் வைக்கமாட்டினம். கல்லாலை கட்டி, மேலை ஒரு தட்டு வைச்சு, கூரை வரைக்கும் புகைபோக்கி விட்டு, எவ்வளவு வடிவான அடுப்பு! பெய்ஸ் எண்டு பேர். அதுக்கு முன்னாலை கதிரையைப் போட்டு, காலை நீட்டி, நெருப்பைப் பாத்துக்கொண்டு சும்மா இருப்பினம். கதைக்கவும் மாட்டினம். எங்கடை அம்மா, அடுப்பை ஆரும் சும்மா பாத்துக்கொண்டு இருக்கக் கண்டால், அகப்பைக் காம்பாலை ஒண்டு வைச்சு, ‘நெருப்பு என்ன கூத்தே ஆடுது? போய்த் தேங்காயைத் திருவு’ எண்டு கலைப்பா. இஞ்சை நெருப்புத்தான் கூத்து. முதல் முதல் இந்த வீட்டுக்குள்ளை வந்து அந்தப் பெய்ஸைக் கண்டோடனை நான் மகனிட்டைக் கேட்டனான், ‘தம்பி, குசினி அங்காலை கிடக்கு, அடுப்பு ஏன் இஞ்சை நிக்குது?’ எண்டு. அவன் சிரிச்சான். ‘அம்மா, இது சமைக்கிறதுக்கில்லை, சந்தோசத்துக்கு’ எண்டான். சந்தோசத்துக்கு அடுப்பு! நான் வாழ்நாள் முழுக்க அடுப்படியிலை நிண்டனான், இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

ஆனால் அதைக் கண்டோடனை எனக்கு ஒரு எண்ணம் ஓடினது. ஏனெண்டால் அதுக்கு முதல் நான் மகளோடை அம்மருட்டிலை, அந்த உயரமான மாடிக்கட்டடத்திலை இருந்தனான். மகள் தங்கம், மருமோன் அதைவிடத் தங்கம், குறை சொல்ல ஒண்டுமில்லை. ஒரேயொரு குறை, முகட்டிலை ஒட்டியிருந்த வெள்ளைத் தட்டு. புகை பட்டால் கத்துற அலாரம். தோசை கொஞ்சம் முறுகினால் கத்தும். மிளகாய் வறுத்தால் கத்தும். சாம்பிராணி எண்டு நான் மனசுக்கை நினைச்சாலே கத்திப்போடும் போலை இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஆசைக்கு ஒரு நுள்ளுப் போட்டன். அது குளறின குளறலிலை மருமோன் குளிச்ச துவாயோடை ஓடிவந்து, தட்டுக்குக் கீழை நிண்டு இன்னொரு துவாயாலை விசிறினார், கோயிலிலை சாமரை வீசுறமாதிரி. அந்த வெள்ளைத் தட்டுத்தான் அந்த வீட்டுச் சாமி எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கினது. என்ரை பிள்ளையார், ஊரிலை இருந்து நான் சீலைக்கை சுத்திக் கைப்பைக்குள்ளை கொண்டுவந்த கருங்கல்லுப் பிள்ளையார், ஒரு தேங்காய் அளவு இருப்பார், அவர் குசினி அலுமாரிக்கை மாப்பேணிக்குப் பக்கத்திலை ஒரு பற்றறி விளக்கோடை இருந்தார். புட்டு அவிக்க மா எடுக்க வாறவைக்கு மட்டும் தரிசனம்.

மகன் நகுலன் இந்த வீட்டை வாங்கினோடனை, ‘இனி எங்களோடை வந்திருங்கோ அம்மா’ எண்டு கூட்டி வந்தான். நீர் வெளியிலை இருந்து பாத்திருப்பீர், ஒரு கூரைதான், நடுவிலை ஒரு சுவர். இஞ்சாலை நாங்கள், அங்காலை இங்கெர் எண்ட நொஸ்க் மனிசி, இந்த நாட்டுக்காரி, தனிய. என்ரை வயசுதான் இருக்கும், ஆனால் அவ நடக்கிற நடைக்கு என்ரை பேத்தியும் பின்னாலை ஓடவேணும். வந்த முதல் வெள்ளிக்கிழமையே நான் பெய்ஸைக் கழுவித் துடைச்சு, உள்ளை ஒரு பலகை போட்டு, பட்டு விரிச்சுப் பிள்ளையாரை இருத்தினன். மூண்டு பக்கமும் கறுத்தக் கல்லு, மேலை இருட்டு, முன்னாலை ஒரு விளக்கு. பிள்ளை, மூலஸ்தானம்தான்! பக்கத்திலை சிரட்டையைக் கொழுத்தித் தணலாக்கி, சாம்பிராணியைப் போட்டுவிட்டு, முகட்டிலை இருந்த அலாரத்தைப் பாத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிண்டன். புகை எழும்பினது. ஒருக்காச் சுத்தினது. பேந்து, பட்டி தெரிஞ்ச மாடு மாதிரி நேரை புகைபோக்கிக்கை போட்டுது. அலாரம் வாயே திறக்கேல்லை. நான் கைதட்டிச் சிரிச்ச சிரிப்பிலை மருமகள் சுகந்தி மாடியிலை இருந்து விழுந்தடிச்சு ஓடிவந்தாள், ‘மாமி, என்ன, என்ன?’ எண்டு. ‘இந்த நாட்டுச் சனம் வீட்டுக்கு வீடு பிள்ளையாருக்குக் கோயில் கட்டிப்போட்டு, அது தெரியாமல் இருக்குதுகள்’ எண்டன். அண்டையிலை இருந்து நான் மகாராணி. வெள்ளிக்கு வெள்ளி சாம்பிராணி, என்னைக் கேக்க ஆளில்லை.

அந்த நேரம்தான் தட்டை ரீவி வரத் துவங்கினது. நகுலனுக்கு ரீவி எண்டால் ஒரு பிரியம், அதுக்கு ஒரு கதை இருக்கு. அவன் அகதியா வந்த புதுசிலை இந்த நாட்டின்ரை வடக்கை ஒரு முகாமிலை விட்டவை. மத்தியானத்தோடை இருட்டிப்போற இடம். பெடியங்கள் ஆரோ குப்பையிலை கிடந்த ஒரு சின்ன ரீவியைத் தூக்கிவந்து, உடுப்புக் கொழுவுற கம்பியைப் பின்னாலை குத்தி வைச்சினமாம். ஒருத்தன் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால்தான் படம் தெரியுமாம். முறை வைச்சுப் பிடிச்சவையாம். பிடிக்கிறவன் ரீவிக்குப் பின்னாலை நிக்கிறபடியாலை அவனுக்குப் படம் தெரியாது, முன்னாலை இருக்கிறவங்கள் சிரிக்கிறதைப் பாத்துச் சிரிப்பானாம். அதிலை வானிலை சொல்லுற பொம்பிளையிட்டைத்தான் இவன் நொஸ்க் பாசை பழகினது. அதாலை முதல் முதல் வாயிலை வந்ததெல்லாம் காத்து, பனி, மழை. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலை கேட்டுப் போனவன், ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ எண்டு கேட்டதுக்கு, ‘நாளைக்குப் பின்னேரம் கொஞ்சம் வெளிக்கும்’ எண்டானாம். அவங்கள் சிரிச்சுப்போட்டு வேலையைக் குடுத்திட்டாங்கள். அப்பிடிப்பட்டவன் ஒரு நாள் வந்து, ‘அம்மா, சுவரிலை கொழுவிற ரீவி வாங்கப்போறன். ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லை’ எண்டு சொன்னால், நான் என்னத்தைச் சொல்லுறது? வாங்கடா ராசா எண்டன்.

ரீவி வந்துது. கதவு மாதிரி ஒரு பெட்டி. எங்கை கொழுவிறது எண்டு வீட்டுக்கை ஒரு மாநாடு. ட்வெய்ட்டாவிலை இருந்து அவன்ரை சிநேகிதன் ரஞ்சன் துளைக்கிற மெசினோடை வந்தான். ரஞ்சனுக்குத் தெரியாத வேலை இல்லை, முழுசாத் தெரிஞ்ச வேலையும் இல்லை. அவன் ஒவ்வொரு சுவராத் தட்டிக்கொண்டு போனான். டொக், டொக், டொக். எல்லாம் பலகையும் அட்டையும். ‘இதென்ன அண்ணை, வீடு வாங்கினியளோ, பிஸ்கற் பெட்டி வாங்கினியளோ?’ எண்டான். கடைசியாப் பெய்ஸுக்கு மேலை, அந்தத் தட்டுக்கும் மேலை தட்டினான். சத்தமில்லை. கல்லு! எங்கடை ஆக்களுக்குக் கல்லுச் சுவரைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டமாதிரித்தானே. ‘இதுதான் சுவர், அண்ணை. இதிலை யானையையும் கொழுவலாம்’ எண்டான். ‘கீழை ஏற்கெனவே ஒரு யானை இருக்கு, தலையிலை விழுத்திப்போடாதை’ எண்டன் நான்.

மெசின் கத்திக்கொண்டு போனது, போனது, திடீரெண்டு சொதக்கெண்டு பிடிவரைக்கும் உள்ளை போட்டுது. அந்த ஓட்டைக்கை இருந்து கறுத்தப் பொடி புசுக்கெண்டு வந்து ரஞ்சன்ரை மூஞ்சை முழுக்க அப்பினது. அவன் துடைச்சுப்போட்டு, ‘பழைய வீடு, பழைய தூசு’ எண்டான். ஆணி கொஞ்சம் தள்ளி அடிக்கலாம், ஓட்டையை ரீவி மறைச்சுப்போடும் எண்டான். மறைச்சுது. வடிவா மறைச்சுது. எங்கடை ஊரிலை சாமத்தியவீடு, கலியாணவீட்டுக்கு ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுக்கிறது, உமக்கும் ஞாபகம் இருக்கும். முத்தத்திலை மேசை போட்டு, வெள்ளை விரிச்சு, மாப்பிள்ளை மாதிரிக் கொண்டந்து இருத்துவினம். என்ரை மாமி அதுக்கு ஒருக்காச் சந்தனப் பொட்டே வைச்சவ. அந்த நினைப்பிலை நானும் எட்டி ஒரு பொட்டு வைச்சன். நகுலன் குளறினான், ‘ஐயோ அம்மா, கண்ணாடியிலை வைக்காதேங்கோ!’ எண்டு. ‘கண்ணாடியிலை ஆர் வைச்சது? நெத்தியிலை வைச்சனான்’ எண்டு மேல் விளிம்பைக் காட்டினன்.

அதுக்குப் பிறகு இந்த வீட்டிலை எல்லாருக்கும் கழுத்து நோ. அவ்வளவு உயரம்! கோபுரம் பாக்கிறமாதிரி அண்ணாந்து பாக்கவேணும். சுகந்தி இரவிலை நல்லெண்ணெய் பூசினாள். நகுலனுக்கும் கழுத்து இழுத்ததுதான், ஆனால் சொல்லமாட்டான், இடக்கிடை மெல்லமாத் தடவுவான். எனக்கு மட்டும் ஒரு கரைச்சலும் இல்லை. நான் பாயை விரிச்சு நீட்டி நிமிந்து படுத்திடுவன். மேலை சீரியல், கீழை பிள்ளையார். மாமியார்க்காரி மருமகளைக் கொடுமைப்படுத்தினால், ‘இதைக் கேட்கமாட்டியோ அப்பனே’ எண்டு அந்த இடத்திலையே முறைப்பாடு வைக்கலாம்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமைதான் கூத்து நடந்தது. வீடும் பாக்கலாம், புது ரீவியும் பாக்கலாம் எண்டு எங்கடை சனம் கொஞ்சம் வந்தது. பரமேஸ் வந்தவ, என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி, கோயில் எண்டால் உருகிப்போற ஆள். ஊரிலை எங்கடை பிள்ளையார் கோயில் தேர்த்திருவிழாப் படத்தை ஆரோ டிவிடியிலை அனுப்பியிருந்தவை, அதைப் போட்டாங்கள். வெளியிலை ஈரப்பனி, இலை அசையாது. சனம் வருகுது எண்டு நான் சாம்பிராணியிலை ஒரு கை கூடப் போட்டன், போட்டுவிட்டு வடை பொரிக்கக் குசினிக்குப் போனன். ரீவியிலை மேளம் முழங்குது, சாமி வீதிக்கு வந்து தேரிலை ஏறுறார், ஐயர் தீபம் காட்டுறார். சரியா அந்த நேரம் பிள்ளை, ரீவியின்ரை நாலு விளிம்பாலையும் மெல்ல மெல்லப் புகை வந்துது. சும்மா புகை இல்லை, கமகமவெண்டு சாம்பிராணி! ஹோல் முழுக்கக் கோயில் மணம். முகட்டு அலாரம் குளறுறதும் மேளத்தோடை மேளமாப் போச்சு. நான் ரண்டாவது வடைத் தட்டோடை வாறன், பரமேஸ் எழும்பி நிண்டு கையைத் தலைக்கு மேலை குவிச்சு, ‘அரோகரா! என்ரை அப்பன் கடல் தாண்டி வந்திட்டார்!’ எண்டு குளறுறா. மற்றவையும் எழும்பீட்டினம். ரண்டு பேர் நிலத்திலை விழுந்து கும்பிடுகினம். என்ரை பேத்தி ஆரணி மட்டும், ‘அப்பம்மா, ரீவி ப்ரென்னர்! எரியுது, எரியுது!’ எண்டு துள்ளுறாள். நகுலன் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பரமேஸ் அவன்ரை கையைப் பிடிச்சு, ‘சாமியை மூடாதை தம்பி!’ எண்டு நிண்டு மறிக்கிறா. ரஞ்சன் ஒரு மூலையிலை வாய்க்கை வடையோடை அசையாமல் நிக்கிறான். அவனுக்கு மட்டும்தான் அந்த ஓட்டை ஞாபகம் வந்திருக்கு.

அந்தக் களேபரத்துக்கை கதவு படபடவெண்டு தட்டுப்பட்டுது. இங்கெர். வீட்டுச் செருப்போடை பனிக்கை ஓடிவந்திருக்கிறா. உள்ளை வந்து பாத்தா: சுவரிலை தேர் ஓடுது, ரீவி புகைக்குது, சனம் கையைத் தூக்கிக்கொண்டு நிக்குது. எனக்கு நொஸ்க் வராது, அவவுக்குத் தமிழ் வராது. பூசை நேரத்திலை வீட்டுக்கு வந்தவவைச் சும்மா விடக்கூடாது எண்டு நான் திருநீத்தை எடுத்து அவவின்ரை நெத்தியிலை பூசி, கையிலை ஒரு வடையும் குடுத்தன். அவ ரண்டையும் மறுக்காமல் வாங்கினா. நான் நெத்தியைத் தொட்டது காய்ச்சல் பாக்கிறதுக்கு எண்டு நினைச்சவவாம், பேந்து ஆரணிதான் சொன்னவள். அவவின்ரை பெய்ஸாலையும் புகை வருகுதாம். கன நாளா வெள்ளிக்கிழமையிலை ஒரு மணம் வாறதாம், இண்டைக்குப் புகையே வந்திட்டுதாம், புகைபோக்கிக்குள்ளை நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு பயந்து ஓடிவந்தவவாம். புகைபோக்கி பாக்கிற ஆக்களுக்குத் தான் அறிவிக்கிறன் எண்டு, நெத்தியிலை திருநீறோடை வடையைக் கடிச்சுக்கொண்டு போட்டா.

சனம் போனாப் பிறகு நகுலன் ரீவியைக் கழட்டிப் பாத்தான். பின்பக்கம் முழுக்கப் புகைப்படை, சுவரிலை புகைபோக்கி வரைக்கும் போற ஓட்டை. ரஞ்சனைப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டு, திரும்பக் கொழுவிப்போட்டு, என்னட்டை வந்து இருந்தான். ‘அம்மா, பிள்ளையாரை மேலை உங்கடை அறை அலுமாரிக்கை வைப்பம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஊதுபத்தி காணும்.’

‘அலுமாரியிலை இருந்து இறங்கிவந்த ஆளைத் திருப்பி அலுமாரிக்கை ஏத்தேலாது’ எண்டன்.

‘அப்ப ரீவியை என்ன செய்யிறது? வேறை சுவர் இல்லையே?’

‘அதை ரீவியிட்டைக் கேள். பிள்ளையார் அலுமாரிக்குப் போறதெண்டால், அவரையும் என்னையும் ஒண்டா அம்மருட்டிலை கொண்டுபோய் விடு.’

சுகந்தி நடுவிலை வந்தாள். ‘மாமி, ஒரு ரீவிக்காக வீட்டை விட்டுப் போறதோ?’

‘ரீவிக்காக இல்லைப் பிள்ளை. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்திலை, எனக்கெண்டு ஒரு நெருப்பு வைச்ச இடம் இது ஒண்டுதான்.’

நகுலன் கழுத்தைத் தடவினான். பிறகு சிரிக்காமல், ‘நீங்கள் போனால் அந்தச் சீரியலை ஆர் பாக்கிறது?’ எண்டான். ‘அதைத்தான் நானும் யோசிக்கிறன்’ எண்டன். உண்மையாத்தான் யோசிச்சன். அம்மருட்டுக்குப் போனால் திரும்ப அந்த வெள்ளைத் தட்டு. இஞ்சை இருந்தால் பிள்ளையார் அலுமாரிக்கை. என்ரை பக்கம் வெண்டால், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பெடியன்ரை ரீவி இறங்கவேணும். பையிலை ரண்டு சீலையை வைக்கிறது, பிறகு உடுக்கவெண்டு ஒண்டை வெளியிலை எடுக்கிறது, இப்பிடியே அந்தப் பை நிரம்பவுமில்லை, வெறுமையாகவுமில்லை.

அடுத்த கிழமை புகைபோக்கி பாக்கிற ஆள் வந்துது. ஒரு பெரிய மீசைக்காரன் வருவான் எண்டு நான் நினைச்சன். வந்தது ஒரு பொம்பிளைப்பிள்ளை! ரெட்டைப் பின்னல், தோளிலை கயிறு, கயிற்றிலை இரும்புக் குண்டும் தூரிகையும், மூஞ்சை கை எல்லாம் கரி. ‘அடி என்ரை ராசாத்தி’ எண்டு கன்னத்தைக் கிள்ளினன், என்ரை விரலும் கரி. அவள் குனிஞ்சு பெய்ஸுக்குள்ளை பாத்தாள். பிள்ளையாரைக் கண்டாள். முகம் வாடிப்போட்டுது. மெல்லத் தன்ரை துணியை எடுத்துப் பிள்ளையாரின்ரை வயித்தைத் துடைக்கத் துவங்கினாள். பிள்ளையார் நெருப்பிலை எரிஞ்சு கறுத்துப்போனார் எண்டு நினைச்சிருக்கிறாள்! துடைக்கிறாள், துடைக்கிறாள், கறுப்புப் போகுதில்லை. நான் அவள் அபிசேகத்துக்கு ஆயத்தம் பண்ணுறாள் எண்டு நினைச்சு ஓடிப்போய்ச் செம்பிலை தண்ணி கொண்டந்து குடுத்தன். ஆரணி விழுந்து விழுந்து சிரிச்சாப் பிறகுதான் ரண்டு பேருக்கும் விளங்கினது. ‘இவர் ஆர்?’ எண்டு அந்தப் பிள்ளை கேட்டாளாம். ‘அடைபட்டுக் கிடக்கிற வழியைத் திறந்து விடுறவர்’ எண்டு ஆரணி சொன்னாளாம். ‘அப்ப எங்கள் ரண்டு பேருக்கும் ஒரே வேலை’ எண்டு அவள் பிள்ளையாருக்குக் கைகாட்டிப்போட்டுக் கூரையிலை ஏறினாள்.

நாங்கள் எல்லாரும் கீழை தீர்ப்புக்குக் காத்திருக்கிறமாதிரி நிண்டம். இங்கெரும் வந்து நிண்டா. இறங்கி வந்து அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல ஆரணி தமிழிலை சொன்னாள். ரண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கிதானாம். அதிலை ஒரு ஆணியும் அடிக்கக்கூடாதாம், ஓட்டையைப் பூசவேணுமாம், ரீவி இறங்கவேணுமாம். நகுலன் தலையைக் குனிஞ்சான். எனக்குச் சந்தோசம் வரவேணும், வரேல்லை. ‘அப்ப பிள்ளையார்?’ எண்டு கேக்கச் சொன்னன். அந்தப் பிள்ளை யோசிச்சுத்தான் சொன்னாள். அவர் இருக்கலாமாம், ஆனால் புகைபோக்கி குளிர்ந்து கிடக்குதாம். என்ரை சின்னப் புகைக்கு அவ்வளவு உயரம் ஏறச் சக்தி இல்லையாம். காத்தில்லாத ஈரநாளிலை பாதி வழியிலை களைச்சுப்போய்ப் பக்கத்து வீட்டிலை இறங்கிவிடுதாம். உள்ளை விறகு வைச்சு நல்லா எரிச்சால்தான் புகைபோக்கி சூடாகி, எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு மேலை போகுமாம்.

பாத்தீரே பிள்ளை? நெருப்பு எரியவேணுமெண்டால் பிள்ளையார் எழும்பவேணும். நாங்கள் ரண்டு பேரும் இடத்துக்குச் சண்டை பிடிக்க, இடத்துக்குச் சொந்தக்காரன் நெருப்பு எண்டு அந்தக் கரிமூஞ்சை சொல்லிப்போட்டுப் போட்டாள். நான்தான் குனிஞ்சு பிள்ளையாரைத் தூக்கினன். ‘தம்பி, உன்ரை ரீவியை இறக்கு. இவர் பெய்ஸுக்கு மேலை இருக்கிற அந்தத் தட்டிலை ஏறி இருக்கட்டும். ஆணியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கீழை அக்கினி, மேலை சாமி, ஓமம் வளக்கிற முறையும் அதுதானே’ எண்டன். நகுலன் என்னைப் பாத்தான். ‘ரீவி?’ எண்டான். ‘அங்காலைப் பக்கம் மேசையிலை வை. கழுத்து நோவாவது மாறட்டும்.’ அவன் அந்தப் பெரிய ரீவியைக் கழட்டேக்கை ஒரு பக்கத்தை நான் பிடிச்சன். ‘விடுங்கோ அம்மா’ எண்டான். ‘எல்லா முறையும் நீயே பிடிக்கவேணுமே? ஒரு முறை நான் பிடிக்கிறன்’ எண்டன். அவன் வாய்விட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்பிலை ரீவி ஆடினது, நல்லகாலம் விழேல்லை. பையிலை இருந்த சீலையை நான் அண்டைக்கே அலுமாரிக்கை அடுக்கிப்போட்டன்.

முதல் நெருப்பு வைக்க இங்கெர் பேர்ச் மர விறகு ஒரு கூடை கொண்டந்தா. பட்டை வெள்ளையா, பூனைக்குட்டி மாதிரி மிருதுவா இருக்கும். நான் என்ரை பழக்கத்திலை சுள்ளியைக் கீழை வைச்சுக் கொழுத்தப் போனன். அவ ‘நை, நை, நை’ எண்டு கையைப் பிடிச்சு, பெரிய கட்டையைக் கீழை, சுள்ளியை மேலை வைச்சு, உச்சியிலை நெருப்புப் போடச் சொன்னா. உச்சியிலை! நெருப்பு எங்கையாவது கீழ்நோக்கி எரியுமே? நான் சுள்ளியைக் கீழை வைப்பன், அவ எடுத்து மேலை வைப்பா. ரண்டு கிழவியளும் ஒரு சொல்லுப் பொதுவா இல்லாமல் அவ்வளவு வடிவாச் சண்டை பிடிச்சம். கடைசியிலை அவ சொன்னமாதிரி உச்சியிலை கொழுத்தினம், பிள்ளை, அது மெழுகுதிரி மாதிரி மெல்ல மெல்லக் கீழை இறங்கி, புகையே இல்லாமல் எரிஞ்சுது! தணல் விழுந்தாப் பிறகு நான் சாம்பிராணியைத் தூவினன். அது ஒரு கணமும் நிக்காமல் விசுக்கெண்டு மேலை போட்டுது. எல்லாரும் கைதட்டினம். இங்கெர் மட்டும் முகம் ஒருமாதிரி. ஆரணியிட்டை என்னவோ கேட்டா. ‘அப்பம்மா, இனி தன்ரை வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மணம் வராதோ எண்டு கேக்கிறா’ எண்டாள் பிள்ளை. பாரும், அவ பயந்தது புகைக்குத்தான், மணத்துக்கில்லை. ‘மணம் வராது, நீ வா’ எண்டு சொல்லச் சொன்னன். அண்டையிலை இருந்து வெள்ளிக்கு வெள்ளி விறகுக்கூடையோடை வாறா. வந்தவுடனை நெத்தியை நீட்டுவா. காய்ச்சல் இல்லை எண்டு நான் தலையாட்டவேணும், அப்பதான் இருப்பா.

இப்ப வீட்டு அமைப்பைப் பாரும். அந்தப் பக்கம் ரீவி, இந்தப் பக்கம் பெய்ஸ், நடுவிலை நான். அங்காலும் இஞ்சாலும் கதிரையை இழுத்து இடுப்பு நாரி பிடிக்குது எண்டு நகுலன் சுத்துற கதிரை ஒண்டு வாங்கித் தந்தான். இருந்து பாரும், பேய்ச் சுகம். காலாலை நிலத்திலை ஒரு உதை உதைச்சால் ஊர்: தேர் வருகுது, சீரியல்காரி அழுகிறாள், செய்தியிலை சண்டையாலை ஊர்ப் பாதையைப் பூட்டின கதை சொல்லுறான். இன்னொரு உதை உதைச்சால் ஒஸ்லோ: நெருப்பு, அதுக்கு மேலை பிள்ளையார், யன்னலுக்கு வெளியிலை முழங்கால் மட்டும் பனி, அதுக்குள்ளை இங்கெர் தன்ரை விறகைத் தட்டி அடுக்குறா. ஊரைப் பாத்துக்கொண்டு இருக்கேக்கை முதுகிலை இந்த நாட்டு விறகு சுடுது. நெருப்பைப் பாத்துக்கொண்டு இருக்கேக்கை முதுகுக்குப் பின்னாலை நாதஸ்வரம் கேக்குது. ‘உனக்கு எது முகம், எது முதுகு?’ எண்டு பரமேஸ் பகிடியாக் கேட்டவ. ஒரு பக்கமும் குளிரேல்லை எண்டு மட்டும் சொன்னன். முழுக்கச் சுத்தினால் சில நேரம், அந்தத் தேர் இந்த நெருப்புக்குள்ளாலை போய்ப் பனிக்கை இறங்கி… ஐயோ, கதையிலை கட்டையைப் பாக்கேல்லை! சரிஞ்சிட்டுது, தணல் வெளியிலை உருளப் பாக்குது. கதவடியிலை சப்பாத்துப் பனி தட்டுற சத்தமும் கேக்குது, அது இங்கெர்தான், கதவைத் திறந்து விடும். அதுக்கு முதல் அந்தத் தணல் பிடிக்கிற குறட்டை இஞ்சாலை தாரும், பிள்ளை, அது இல்லை, அங்காலை சாய்ச்சுக் கிடக்கிறது, ஓம், அதுதான், கெதியா…